கைப்பேசிக்குள் ஒரு சிட்டா: பதினைந்து மாத வீட்டுக் கணக்கு

2025 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதே முக்கால் மணி. சமையலறை அலமாரியில் இருக்கும் தகர டப்பா, என் பணப்பை, கணவரின் சட்டைப் பை மூன்றையும் மேசையில் கொட்டி எண்ணினேன். 4,385 ரூபாய். பிறகு கைப்பேசியைத் திறந்தேன். கணக்குத் தாளின் கடைசி வரியிலும் 4,385 என்றே இருந்தது. ஆகஸ்ட் மாதத்தின் முப்பத்தோரு இரவிலும் வித்தியாசம் இருபது ரூபாயைத் தாண்டவில்லை. உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் முப்பத்திரண்டு வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். "நாளைக்கு முதல் தேதி. இந்தக் கையிருப்பை நாளைய முதல் வரியாக எழுதிவிட்டாயா, தாயி?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. எழுதிவிட்டுத்தான் படுத்தேன்.

இந்த இடத்துக்கு வர எனக்குப் பதினைந்து மாதம் ஆயிற்று. இரண்டு செயலிகளை நீக்கினேன், ஒரு முறை இரண்டு மாதப் பதிவைத் தொலைத்தேன். என்னைப் போலச் சம்பளமும் தினக்கூலியும் கலந்து வரும் வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில். நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதம் 19,500 ரூபாய், முதல் தேதியே வங்கிக்கு வந்துவிடும். கணவர் எலெக்ட்ரீஷியன். ஒரு நாள் 1,500 ரூபாய் வரும், அடுத்த இரண்டு நாள் ஒன்றும் வராது. பாதி ரொக்கம், பாதி யுபிஐ. பிள்ளைகள் இருவர். 2024 ஜூனில் பள்ளிக் கட்டணத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் சமாளிக்க என் மோதிரத்தை அடகு வைத்தோம். இருவரும் சம்பாதிக்கிற வீட்டில் 14,000 ரூபாய் ஏன் இல்லை என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். பதில் தெரியவில்லை. அது தெரியாததுதான் மோதிரத்தைவிட வலித்தது.

முதல் முயற்சி: குறுஞ்செய்தியைப் படிக்கும் செயலி

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைத் தானே படித்துச் செலவைப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்றைப் பதிவிறக்கினேன். நாம் எதையும் எழுத வேண்டாம் என்பதே அதன் கவர்ச்சி. ஜூன் முடிவில் அது காட்டிய செலவு 61,200 ரூபாய். எங்கள் இருவர் வருமானத்தையும் சேர்த்தால்கூட அவ்வளவு வராது.

உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஏடிஎம்மில் எடுத்த 5,000 ரூபாயை அது செலவாக எழுதியிருந்தது. அந்தப் பணம் என் பணப்பைக்குள்தான் இருந்தது. என் கணக்கிலிருந்து கணவர் கணக்குக்கு அனுப்பியதையும் செலவாக எழுதியிருந்தது. ஒரே பணப் பரிமாற்றத்துக்கு வங்கியிலிருந்து ஒன்று, வேறோர் இடத்திலிருந்து ஒன்று என இரண்டு செய்தி வந்த இடங்களில் இரண்டு முறை கூட்டியிருந்தது. சீட்டுக்குக் கட்டிய 3,000 ரூபாய் சேமிப்பு, அதுவும் செலவில் இருந்தது. மறுபக்கம், கணவருக்கு ரொக்கமாக வந்த கூலியில் ஒரு ரூபாய்கூட வரவில் இல்லை. யுபிஐ லைட்டில், அதாவது வங்கியிலிருந்து முன்கூட்டியே பணம் ஏற்றிவைத்துச் சின்னச் செலவுக்குப் பயன்படுத்தும் கைப்பேசிப் பையில், கட்டிய தொகைகளும் இல்லை, ஏனென்றால் அந்தப் பைக்குப் பணம் ஏற்றிய வரி மட்டுமே வங்கிக் கணக்கில் பதிவாகும்.

இதையெல்லாம் கையால் திருத்தலாம் என்று ஒரு வாரம் பார்த்தேன். அதற்குள் அந்தச் செயலி "உங்களுக்காக 50,000 ரூபாய் கடன் தயார்" என்று தினமும் காட்டத் தொடங்கியது. பணம் எப்போது குறைகிறது என்பதை என் செய்திகளைப் படித்துத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் கடனை நீட்டுகிறது என்று தோன்றியதும் கை நின்றுவிட்டது. ஓடிபி வருவதும் அதே பெட்டிக்குத்தானே. முதலில் அமைப்புகளில் போய்க் குறுஞ்செய்தி அனுமதியை ரத்து செய்தேன், அதன் பிறகு செயலியை நீக்கினேன். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். உள்ளே ஒரு கணக்குத் தொடங்கியிருந்தால் அதையும் முதலில் அழித்துவிடுவது நல்லது.

இரண்டாவது முயற்சி: முப்பத்திரண்டு தலைப்பு

அடுத்தது, நாமே எழுதும் செலவுக் கணக்குச் செயலி. ஒரு வருடச் சந்தா 799 ரூபாய் கட்டினேன். வண்ண வண்ண வட்டப்படம், முப்பத்திரண்டு செலவுத் தலைப்புகள். தக்காளி வாங்கினால் "உணவு" என்பதா, "காய்கறி" என்பதா, "வீடு" என்பதா என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

அண்ணாநகர் உழவர் சந்தைக்குத்தான் வாரம் இரண்டு முறை போவேன். 1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறக்கப்பட்டது அது. காலை ஆறரைக்கு அங்கே ஒரு கையில் கூடை, மறு கையில் சில்லறை. பின்னால் ஆள் நிற்பார்கள். ஒரு நாள் கணவரிடம் நேரம் பார்க்கச் சொன்னேன். ஒரு பதிவுக்கு ஒன்பது தட்டல், இருபத்தைந்து நொடி. கடைக்காரர் மீதிச் சில்லறை தருவதற்குள் முடியாத எதையும் சந்தையில் செய்ய முடியாது. வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று தள்ளினேன். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, டிபன் பாக்ஸ், பள்ளி வேன். நான்கு கடையில் வாங்கியது இரண்டு கடையாகச் சுருங்கி எழுதப்பட்டது.

ஆனாலும் விடாமல் ஆகஸ்ட் இறுதிவரை இழுத்தேன். அப்போது கைப்பேசி தண்ணீரில் விழுந்து போனது. புதிய கைப்பேசியில் செயலியைத் திறந்தால் வெறுமையாக இருந்தது. காப்புப் பிரதி தானாகவே நடக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். அதை ஒரு முறை நாம் போய் இயக்கிவைக்க வேண்டுமாம். அதை நான் பார்க்கவில்லை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் போயிற்று.

மூன்றாவது: ஒரு படிவம், ஒரு தாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மதுரை வந்திருந்தார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, மண்டியில் கணக்கு எப்படி நடந்தது என்று சொன்னார். அன்றன்று நடப்பதை நடந்த வரிசையில் எழுதுவது சிட்டா. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. சிட்டா எழுதுகிறபோது யாரும் பிரித்து யோசிப்பதில்லை, யோசித்தால் எழுத முடியாது என்றார். என் தவறு அங்கேதான் இருந்தது. நான் எழுதும்போதே பிரித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் சிட்டாவுக்குக் கூகுள் ஃபார்ம்ஸ், பேரேட்டுக்குக் கூகுள் ஷீட்ஸ் என்று முடிவு செய்தேன். இரண்டும் இலவசம். படிவத்தில் ஐந்தே கேள்வி: தொகை, எதற்கு, எப்படி, யார், குறிப்பு. தொகைக்கு எண் மட்டுமே ஏற்கும்படி கட்டுப்பாடு வைத்தேன். "எதற்கு" என்பதில் ஒன்பது தலைப்பு: பால், காய், பலசரக்கு, பெட்ரோல், பிள்ளைகள், மருந்து, கட்டணங்கள், செய்முறை (விசேஷ வீடுகளுக்குச் செய்யும் மொய்), மற்றவை. "எப்படி" என்பதில் ரொக்கம், யுபிஐ, யுபிஐ லைட். "யார்" என்பதில் இரண்டு பேர். கணவருக்குக் கூலி வரவும் சாமான் செலவும் மட்டும் கொண்ட தனிப் படிவம். படிவங்களை உருவாக்கக் கைப்பேசியின் சின்னத் திரை ஒத்துவரவில்லை. பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், மணிக்கு 40 ரூபாய்.

வேகம் வந்தது இன்னொரு வழியில். படிவத்தின் மூன்று புள்ளி மெனுவில், முன்கூட்டியே நிரப்பிய இணைப்பைப் பெறும் வசதி இருக்கிறது. "பால், ரொக்கம், நான்" என்று நிரப்பி ஓர் இணைப்பு. "காய், ரொக்கம், நான்" என்று இன்னோர் இணைப்பு. இப்படி ஐந்து. ஒவ்வொன்றையும் குரோமில் திறந்து, முகப்புத் திரையில் சேர்த்து, "பால்", "காய்" என்று பெயர் வைத்தேன். இப்போது "காய்" என்பதைத் தொட்டு, 85 என்று அடித்து, அனுப்பு என்று அழுத்தினால் முடிந்தது. ஏழு நொடி. சந்தையில் மீதிச் சில்லறை கைக்கு வரும் முன் முடிகிறது.

தாளில் வங்கிக் கணக்கு எண் எதையும் எழுதுவதில்லை. தாள் என் கூகுள் கணக்குக்கும் கணவரின் கூகுள் கணக்குக்கும் மட்டுமே பகிரப்பட்டிருக்கிறது. இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிட்டேன்.

இந்த அமைப்பிலும் மூன்று இடத்தில் சறுக்கினேன்.

முதலாவது தேதி. தொலைந்த இரண்டு மாதத்தில் நினைவிலும் ரசீதிலும் கிடைத்ததை நானே தட்டெழுதினேன். 03/07/2024 என்று எழுதினால் அது மார்ச் 7 ஆகிவிட்டது. 13/07/2024 என்பது தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நின்றது. ஜூலை மொத்தம் மிகவும் குறைவாக வந்த பிறகுதான் கவனித்தேன். தாளின் அமைப்புகளில் நாடு அமெரிக்கா என்று இருந்தது. இந்தியா என்று மாற்றி, நாற்பத்தொரு வரியைத் திரும்ப அடித்தேன். புதிய தாள் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

இரண்டாவது சூத்திரம். படிவத்தின் பதில்கள் வந்து விழும் பக்கத்திலேயே, ஓரத்தில் ஒரு சூத்திரம் எழுதிக் கீழே ஐந்நூறு வரிக்கு இழுத்துவைத்தேன். ஒவ்வொரு புதிய பதிவும் தனக்கென ஒரு புதிய வரிசையை நுழைத்துக்கொள்கிறது. என் சூத்திரம் கீழே தள்ளப்பட்டு, புதிய வரிகள் காலியாகவே நின்றன. நான்கு நாள் திணறினேன். இப்போது பதில் பக்கத்தை நான் தொடுவதே இல்லை. கூட்டல் எல்லாம் "பேரேடு" என்ற தனிப் பக்கத்தில், சம்இஃப்ஸ் என்ற நிபந்தனைக் கூட்டல் சூத்திரத்தில் நடக்கிறது. மாதம் ஒரு வரிசை, தலைப்பு ஒரு நெடுவரிசை. அவ்வளவே.

மூன்றாவது சிக்னல். சந்தைக் கூட்டத்தில் அனுப்பு என்று அழுத்திவிட்டுக் கைப்பேசியைக் கூடைக்குள் போட்டுவிடுவேன். இணையம் இல்லாவிட்டால் பதிவு போகாது, எங்கும் சேமிக்கப்படவும் செய்யாது. பதிவாகிவிட்டது என்ற வரி திரையில் வரும்வரை நிற்கப் பழகிக்கொண்டேன். வராவிட்டால் கூகுள் கீப்பில் "காய் 85" என்று ஒரு குறிப்பு. அது இணையம் இல்லாமலும் எழுத விடும். இரவில் அதைப் படிவத்தில் ஏற்றிவிட்டுக் குறிப்பை அழிப்பேன்.

கையிருப்பு

செலவு எழுதியாகிறது, மாத மொத்தமும் வருகிறது. ஆனால் அது சரியா என்று எப்படித் தெரியும்? அப்பாவின் வழக்கம், இரவில் ரொக்கத்தை எண்ணிக் கணக்கோடு பொருத்துவது. தொடக்கக் கையிருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் பெட்டியில் இருக்கும் பணம் வர வேண்டும். வங்கிப் பணத்துக்குப் பாஸ்புக் இருக்கிறது. ரொக்கத்துக்கு இந்த எண்ணிக்கையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

முதல் நாள் நான் கைப்பேசியைப் பார்த்துவிட்டு எண்ணினேன். தாளில் 2,140. என் கையிலும் 2,140 என்றேன். அப்பா நோட்டுகளை வாங்கி, பத்து ரூபாய்களை முகம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மெதுவாக எண்ணினார். 2,110. "கணக்கைப் பார்த்துவிட்டு எண்ணாதே. கணக்கைப் பார்த்த கை அந்தக் கணக்குக்குத் தகுந்தபடி எண்ணும். முதலில் பணத்தை எண்ணி ஒரு தாளில் எழுது. அதற்கப்புறம் கணக்கைத் திற" என்றார். அன்றிலிருந்து அந்த வரிசையை நான் மாற்றியதில்லை. எண்ணிக்கையை எழுத 15 ரூபாய்க்கு ஒரு சின்ன நோட்டு வாங்கி டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

2024 அக்டோபரில் தினமும் 200 முதல் 700 ரூபாய் வரை உதைத்தது. தேடத் தேட ஒவ்வொன்றாக வெளிவந்தது. கணவர் உதவியாளுக்கு வாங்கித் தரும் டீயும் வடையும். மகனுக்குக் கொடுத்த பத்து, இருபது. கோயில் உண்டியல், அர்ச்சனைத் தட்டு. மழை நாளில் ஆட்டோ. (நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் என் தினசரிப் பயணம் கணக்கில் வருவதில்லை. ஆட்டோதான் வரும்.) டீயும் வடையும் மாதம் 1,900 ரூபாய் ஆனது. அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வெயிலில் உடன் வேலை செய்கிறவருக்குத் தருவது அது. ஆனால் அதை வேலைச் செலவாக எண்ணிக் கூலியில் சேர்த்துக் கேட்கலாமே என்றேன். கணவர் ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பெரிய வேலைகளில் நாளுக்கு 50 ரூபாய் கூட்டிக் கேட்கிறார். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

ரொக்கம் இருந்த இடங்களை மூன்றாகக் குறைத்தேன். யுபிஐ லைட்டை நான்காவது பெட்டியாக வைத்துக்கொண்டேன். அதில் ஒரு பரிமாற்றத்துக்கு 1,000, மொத்த இருப்பு 5,000 என்ற உச்சவரம்பு இருக்கிறது. நான் திங்கட்கிழமைதோறும் 500 மட்டுமே ஏற்றுகிறேன். சின்னச் செலவுகள் வங்கிப் பாஸ்புக்கை நிரப்புவதில்லை, ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வரி. ஆனால் ஏற்றியதைச் செலவு என்று எழுதக் கூடாது. அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன பணம். என் முதல் செயலி செய்த அதே பிழையை நானும் இங்கே இரண்டு வாரம் செய்தேன்.

இருபது ரூபாய்க்குள் வித்தியாசம் இருந்தால் "கணக்கில் வராதது" என்று எழுதிவிட்டுப் படுத்துவிடுவது என்று விதி வைத்தேன். இந்த வரம்பு இல்லாமல் மூன்று ரூபாய்க்காக நள்ளிரவு வரை தேடிய நாள்கள் உண்டு. அப்படித் தேடினால் அடுத்த நாள் எண்ணவே பிடிக்காது. இப்போது ஓர் இரவுக்கு நான்கு நிமிடம் ஆகிறது.

மொய் நோட்டு

இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது, அதிக நன்மையும் இதனால்தான். எங்கள் பக்கத்தில் செய்முறை என்பது வீட்டுப் பொருளாதாரத்தில் பெரும் பங்கு. வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும். மறந்தால் உறவு போகும். என் திருமணத்தில் 2009-இல் எழுதிய மொய் நோட்டும், பிள்ளைகளின் காதுகுத்தில் 2019-இல் எழுதிய நோட்டும் அப்பாவின் பீரோவில் இருந்தன. முதலாவதில் 412 பெயர், இரண்டாவதில் 287. ஒவ்வொரு பத்திரிகை வரும்போதும் விருதுநகருக்குப் போன் செய்து, அப்பா கண்ணாடி போட்டுப் பக்கம் பக்கமாகத் தேடி, அரை மணி கழித்துத் திரும்ப அழைப்பார். அவருக்கு வயது எழுபத்து நான்கு. அந்த நோட்டின் ஓரங்களைச் செல் அரிக்கத் தொடங்கியிருந்தது.

முதலில் பக்கங்களைப் படம் எடுத்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலியில் போட்டேன். அச்சடித்த பத்திரிகையை நன்றாகப் படித்தது. அப்பாவின் கையெழுத்தைப் படிக்கவில்லை. பென்சிலில் எழுதிய இடங்களில் ஒரு சொல்லும் தேறவில்லை. படங்களை மட்டும் பத்திரப்படுத்தி வைத்தேன், அது பின்னால் உதவியது.

பிறகு குரல் தட்டச்சு. அப்பா வாசிக்க, நான் கைப்பேசியிடம் சொல்ல, பெயரும் ஊரும் தமிழில் விழுந்தன. பத்துக்கு எட்டு சரியாக வந்தது. தொகையில் சிக்கல். "ஐந்நூற்று ஒன்று" என்று சொன்னால் சில நேரம் 501 என்று வரும், சில நேரம் எழுத்தாக வரும். எழுத்தாக வந்தால் தாள் அதைக் கூட்டாது. அதனால் பெயர் குரலில், தொகை விரலில் என்று பிரித்துக்கொண்டோம். ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூறு பெயர் என்ற வேகத்தில், மூன்று ஞாயிற்றுக்கிழமையில் 699 பெயரும் ஏறின.

பாதியில் ஒரு பெரிய தவறு தெரிந்தது. நான் பெயர், தொகை என்று இரண்டே நெடுவரிசை வைத்திருந்தேன். மாரியப்பன் என்று பதினொரு பேர் வந்துவிட்டார்கள். நோட்டில் அப்பா ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் எழுதியிருந்தார்: "பஸ் டிரைவர்", "கிணற்றடி வீடு", "சின்ன மாமன் சகலை". அது வேண்டாத விவரம் என்று நான் விட்டுவிட்டிருந்தேன். முதல் 150 வரிக்கும் திரும்பப் போய், எடுத்துவைத்திருந்த படங்களைப் பார்த்து அடையாளத்தைச் சேர்த்தேன். இப்போது நெடுவரிசைகள் இப்படி இருக்கின்றன: பெயர், ஊர், அடையாளம், நமக்குச் செய்தது, எந்த விசேஷம், நாம் செய்தது, தேதி.

இன்னொன்றையும் அப்பா தடுத்தார். என் திருமணத்துக்கு அத்தை போட்ட அரைப் பவுன் மோதிரத்தை, அன்றைய விலையைக் கணக்கிட்டு "6,000 ரூபாய்" என்று எழுதினேன். அவர் நோட்டை மூடிவிட்டார். "அரைப் பவுன் என்று எழுது. அவள் பேத்திக்கு நாம் அரைப் பவுன்தான் செய்ய வேண்டும்." அந்த ஆறாயிரத்துக்கு இன்று ஒரு கிராம்கூட வராது. ரூபாயில் எழுதியிருந்தால் பத்து வருடம் கழித்து என் மகள் அதைப் பார்த்து ஆறாயிரம் கொடுத்துவிட்டு வருவாள். நகையை கிராமிலும், அண்டா, குத்துவிளக்கு போன்றவற்றைப் பொருளாகவுமே இப்போது எழுதியிருக்கிறேன்.

தேடுவதில் ஒரு பழக்கம் தேவைப்பட்டது. கருப்பசாமி, கருப்பச்சாமி என்று இரு விதமாகவும் ஏறியிருக்கிறது. பெயரின் முதல் நான்கு எழுத்தை மட்டும் அடித்தால் இரண்டும் வரும். அதிலும் கிடைக்காவிட்டால் ஊரைத் தேடுவேன். இந்த ஆவணியில் ஒரே முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணம். மண்டப வாசலில் நின்று முப்பது நொடியில் இருவருக்கும் எவ்வளவு என்று பார்த்தேன். ஒருவருக்கு நாங்கள் ஏற்கெனவே 2022-இல் அவர் மூத்த மகளுக்குச் செய்திருந்தோம் என்பதும் தெரிந்தது. அதை நான் முழுவதுமாக மறந்திருந்தேன்.

வருடச் செலவுத் தாள்

மோதிரம் ஏன் அடகுக்குப் போனது என்ற கேள்விக்கு 2025 ஜனவரியில் பதில் கிடைத்தது. மாதாமாதம் வரும் செலவில் நாங்கள் தடுமாறவே இல்லை. வருடத்துக்கு ஒரு முறை வருவதுதான் அடித்தது. எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதினேன். பள்ளிக் கட்டணம் 38,000. செய்முறை 18,000. மருத்துவக் காப்பீடும் வண்டிக் காப்பீடும் 17,400. தீபாவளி 15,000. வண்டிப் பராமரிப்பும் வீட்டுச் சில்லறை வேலையும் 7,600. பங்குனியில் குலதெய்வக் கும்பிடு 6,000. மொத்தம் 1,02,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,500.

அந்த 8,500 ரூபாயை இரண்டாம் தேதியே தானாக வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லிவிட்டேன். அந்தக் கணக்கை எந்தச் செயலியிலும் யுபிஐயோடு இணைக்கவில்லை. பணம் எடுக்க வேண்டுமானால் நேரில் போக வேண்டும். ஜனவரியில் தொடங்கியதால் ஜூனுக்குள் ஆறு தவணை, 51,000 சேர்ந்தது. அதிலிருந்து பங்குனிக் கும்பிட்டுக்கு 6,000 போனது. பள்ளிக் கட்டணத்தின் முதல் பாதி 19,000 கடனில்லாமல் கட்டினோம். மீதியில் மோதிரத்தையும் வட்டி கட்டி மீட்டேன். அது வருடச் செலவுப் பட்டியலில் இல்லாதது என்பதால் அந்தத் தொகையை ஐந்து மாதமாகப் பிரித்து இப்போது திரும்ப நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவை, சுருக்கமாக

காலண்டர் செயலியில் காப்பீடு, மின் கட்டணம், ஆறு மாதத்துக்கொரு முறை வரும் வீட்டு வரி எல்லாம் திரும்பத் திரும்ப வரும் நினைவூட்டலாக இருக்கின்றன. முதல் முறை நினைவூட்டல் அடிக்கவே இல்லை. வண்டிக் காப்பீடு இரண்டு நாள் காலாவதியான பிறகுதான் பார்த்தேன். கைப்பேசியின் பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைப் பின்னணியில் உறங்க வைத்திருந்தது. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினேன். இப்போது ஏழு நாள் முன்பும் ஒரு நாள் முன்புமாக இரண்டு முறை அடிக்கிறது.

மின் மீட்டரை மாதத்துக்கு ஒரு முறை படம் எடுக்கிறேன். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும். முதல் மாதம் முடிந்ததும் 260-க்கு மேல் ஓடியிருந்தால் அடுத்த மாதம் கவனமாக இருப்போம். சிலிண்டர் மாற்றிய தேதியைக் கீப்பில் எழுதுகிறேன். 14.2 கிலோ எங்களுக்கு 38 முதல் 44 நாள் வருகிறது, முப்பத்தைந்தாம் நாள் அடுத்ததற்குப் பதிகிறோம். வண்டியின் ஆர்.சி.யும் ஓட்டுநர் உரிமமும் டிஜிலாக்கரில்.

செலவும், அடுத்த முறை மாற்றுவதும்

மொத்தம் ஆன செலவு: வீணான சந்தா 799, பிரவுசிங் சென்டர் 80, நோட்டு 15, தகர டப்பா 120, விருதுநகருக்குப் போய்வர மூன்று முறை பஸ் செலவு. இதைத் தவிர மாதம் 12 ரூபாய் இருக்கிறது. மாதக் கடைசியில் சிட்டாவை ஜெராக்ஸ் கடையில் ஆறு பக்கமாக அச்செடுத்து அப்பாவிடம் கொடுக்கிறேன். அவர் சிவப்பு மையில் ஒவ்வொரு வரிக்கும் டிக் போடுவார். ஜூலைத் தாளில் பெட்ரோல் 2,000 என்று இருந்ததை வட்டமிட்டு, "ஒரே நாளில் இவ்வளவா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். 200 என்பதைக் கணவர் ஒரு பூஜ்யம் கூடுதலாக அடித்திருந்தார், ரொக்கம் இல்லை, யுபிஐ என்பதால் இரவு எண்ணிக்கையில் அது சிக்கவில்லை. இப்போது யுபிஐ வரிகளையும் வாரம் ஒரு முறை வங்கிப் பதிவோடு ஒப்பிடுகிறேன். அன்றே முழுத் தாளையும் பதிவிறக்கி மெமரி கார்டில் ஒரு பிரதி வைக்கிறேன்.

மறுபடி தொடங்கினால், முதல் மாதம் செலவுத் தலைப்பே வைக்க மாட்டேன். தொகையும் கையிருப்பும் மட்டும். எண்ணிக்கை ஒத்துப்போகத் தொடங்கிய பிறகு தலைப்புகளைச் சேர்ப்பேன். மொய் நோட்டை எல்லாவற்றுக்கும் முன்பே ஏற்றிவிடுவேன், அது காத்திருக்காது.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது, கணவருக்கு வர வேண்டிய பாக்கி. பதினான்கு வீடுகளில் 23,600 ரூபாய் நிற்கிறது. அவர் அதைத் தன் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார். பணம் வந்ததும் துணியால் துடைத்துவிடுவார். எந்த வீடு எத்தனை நாள் தாமதிக்கிறது என்பது துடைத்ததோடு போய்விடுகிறது. நேற்று அந்த மூடியைப் படம் எடுத்துக்கொண்டேன். பாக்கிக்கு ஒரு பக்கத்தைத் திறந்து, பதினான்கு வரியையும் இந்த வாரம் ஏற்ற வேண்டும். பெட்டியைத் திறக்காமலே பார்க்கிற மாதிரி இருந்தால்தான் நான் பயன்படுத்துவேன் என்று சொல்லியிருக்கிறார். அதனால் அவருடைய முகப்புத் திரையில் எதைத் தொட்டால் அது வர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.